பொன்னுச்சாமியின் காலி எடை

கனடாவுக்கு டிக்கெட் போட்ட ஒன்பதாம் நாள் காலையில், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் பக்கத்து எடைமேடையில் ஏறி நின்ற பொன்னுச்சாமியின் எடை ஆயிரத்து முந்நூற்று நாற்பது கிலோ. மெஷினில் கோளாறு இல்லை. அவருக்கு முன்னால் ஏறி இறங்கிய முருங்கைக்காய் லாரிக்கும் பின்னால் வந்த தக்காளி டெம்போவுக்கும் அது சரியாகவே சொல்லியிருந்தது. முப்பத்திரண்டு வருஷமாக அந்த மேடையில் உட்கார்ந்து சீட்டு அடித்துக் கொடுப்பவர் அவரேதான் என்பதால், அதைச் சந்தேகப்பட வேறு ஆளும் இல்லை. பார்வைக்கு மனிதர் அதே மனிதர். அதே அரைக்கைச் சட்டை, இடுப்பில் அதே பெல்ட், பெல்ட்டில் அதே நான்காவது ஓட்டை. போன மாதம் வரை அறுபத்து மூன்று கிலோவாக இருந்த ஒருவர், அளவு மாறாமல் எடை மட்டும் கூடிப்போயிருந்தார்.

விவரம் இதுதான். அவருடைய ஒரே மகள் சூர்யகலா எட்மன்டனில் இருந்தாள். புருஷன் சந்தோஷ்குமாருக்கு அங்கே கம்ப்யூட்டர் வேலை. அவளுக்கு ஏழு மாதம். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவருவதுதான் அவர் ஊரான கன்னிவாடிப் பக்கத்து வழக்கம். ஆனால் டாக்டர் அவளைப் பயணம் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். போதாததற்குச் சூர்யகலாவுக்குத் தாய்வீடு என்று இருந்தது பொன்னுச்சாமி ஒருவர்தான். அவளைப் பெற்ற அன்றைக்கே அவர் மனைவி காளியம்மாள் போய்விட்டாள். ஆகவே வீடு பெண்ணிடம் போக வேண்டும் என்று ஆகிவிட்டது. "நீங்க வெளிய உக்காந்திருந்தா நான் உள்ள போவேன்ப்பா. இல்லாட்டி போக மாட்டேன்" என்று அவள் போனில் சொன்னபோது மாப்பிள்ளை சிரித்தார். பொன்னுச்சாமி சிரிக்கவில்லை. மகள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரியும்.

டிக்கெட் வந்த அன்று அவர் ஒரு தப்பு செய்தார். எடை போடுகிறவரைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். விமானம் லோடோடு எத்தனை டன் என்று மாப்பிள்ளையிடம் கேட்டார். மாப்பிள்ளை தேடிப் பார்த்து, முந்நூற்றைம்பது டன் என்றார். லோடு ஏற்றிய பதினாலு லாரி. பொன்னுச்சாமி தன் வாழ்நாளில் கண்டது, நாலு டன் கூடுதலாக ஏற்றினால் டயர் வெடிக்கும், எட்டு டன் ஏற்றினால் அச்சு முறியும் என்பதுதான். பதினாலு லாரி ஆகாயத்தில் நிற்கும் என்பதை அவரால் எந்தக் கணக்கிலும் கொண்டுவர முடியவில்லை. பெட்டிக்குத்தான் எடை பார்ப்பார்கள், ஆட்களை எடை போட மாட்டார்கள் என்று மாப்பிள்ளை சேர்த்துச் சொன்னதில்தான் மனிதருக்குக் குலை நடுங்கிவிட்டது. "எடை போடாம எப்பிடி மாப்ள ஏத்துறாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

மறுநாள் மொபெட்டின் பின் டயர் வெடித்தது. மூன்றாம் நாள் கட்டில் கால் முறிந்தது. பிறகு பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒவ்வொன்றாகப் போயின. டவுன்பஸ் அவர் உட்கார்ந்த பக்கம் சாய்ந்துகொண்டே போனதால், கண்டக்டர் நாகரிகமாக, "அண்ணே, நடுவுல நின்னுக்கங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். திண்டுக்கல்லில் ஒரு டாக்டரிடம் போனார். டாக்டர் சர்க்கரை கொஞ்சம், பிரஷர் கொஞ்சம் என்றார். தராசில் ஏறச் சொன்னார், தராசு தட்டையாகிவிட்டது. சீட்டில் எடை என்று இருந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, மனதைத் தைரியமாக வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்.

ஊர் தன்னால் ஆனதைச் செய்தது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போகலாம் என்றார்கள், தூக்கமாத்திரை போட்டுக்கொள்ளலாம் என்றார்கள், இரண்டு பெக் அடித்தால் பஸ்ஸுக்கும் விமானத்துக்கும் வித்தியாசமே தெரியாது என்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்னவர்களும் உண்டு. பேகம்பூரில் ஜெய்தூன் பீவி என்கிற அம்மாள் நாலு தடவை விமானத்தில் மக்காவுக்குப் போய்வந்தவர். பொன்னுச்சாமி அவரைத் தேடிப் போனார். உள்ளே வந்தால் தரை தாங்காது என்று வாசலிலேயே நின்று கேட்டார். "பயம் வரத்தான் செய்யும் தம்பி" என்று அந்த அம்மாள் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். "நான் மொத தடவ கண்ண மூடிக்கிட்டு, வீட்டுல எத்தன சாமான் இருக்குன்னு அடுப்படியில இருந்து எண்ண ஆரம்பிச்சேன். பாதி எண்ணுறதுக்குள்ள ஜித்தா வந்துருச்சு." யோசனை நல்ல யோசனைதான். பொன்னுச்சாமி வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தார். தனி ஆள் வீடு, பத்து நிமிஷத்தில் சாமான் தீர்ந்துவிட்டது.

பயணத்துக்கு ஐந்து நாள் இருந்தபோது எடை நாலாயிரத்து நூற்றிருபது. தினமும் காலையில் மேடையைத் திறந்ததும் அவர் தன்னை நிறுத்துப் பார்த்து, வண்டி நம்பர் எழுதும் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்துக் குறித்துவந்தார். நாலு டன் மனிதனை எந்த விமானமும் தூக்காது, தூக்கினாலும் அவரோடு வருகிற முந்நூறு பேரும் கீழே விழுவார்கள், அந்தப் பாவம் தனக்கு வேண்டாம் என்று முடிவுக்கு வந்திருந்தார். மகளிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பாக்கி. அதைச் சொல்லத்தான் போனைக் கையில் எடுத்து வைத்திருந்தார், ஒச்சப்பன் வந்து நின்றான்.

ஒச்சப்பன் மார்க்கெட்டில் லோடுமேன். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து இருபத்தைந்து வருஷமாக மூட்டை தூக்குகிறவன். யார் தலையில் எத்தனை கிலோ இருக்கிறது என்பதைக் கழுத்தைப் பார்த்தே சொல்லிவிடுவான். பொன்னுச்சாமியின் கழுத்தைச் செத்த நேரம் பார்த்தான்.

"அண்ணே, ஒங்க காலி எடை எம்புட்டு?"

"அறுவத்தி மூணு."

"அப்ப மிச்சம் அம்புட்டும் லோடு. ஒடம்பு எடைன்னாத்தான் ஒண்ணும் பண்ண முடியாது. லோடுன்னா எறக்கிறலாம்ண்ணே. எங்க ஏத்துனது?"

இது சீட்டு அடிக்கும்போது ஒவ்வொரு டிரைவரிடமும் பொன்னுச்சாமி கேட்கிற கேள்விதான். ஏற்றிய இடம் எழுதாமல் அவர் ஒரு சீட்டும் கொடுத்ததில்லை. விமானம் என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் சீட்டு விஷயத்தில் பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். விமானத்தில்தான் அவர் இன்னும் ஏறவே இல்லையே. யோசித்தார். யோசிக்க யோசிக்க, ஏற்றிய இடம் அந்த எடைமேடைதான் என்று அவருக்கே தெரிந்தது. தொண்ணூற்று நான்காம் வருஷம், தக்காளி மலையாகக் குவிந்த ஒரு மாசியில், காளியம்மாளை வலியெடுத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள் என்று காலை ஏழு மணிக்கே தகவல் வந்தது. வெளியே கேரளாவுக்குப் போக நாற்பது லாரி வரிசையில் நின்றது. இதை முடித்துவிட்டுப் போவோம் என்று நினைத்தார். பிரசவம்தானே, தான் போய் என்ன செய்யப்போகிறோம் என்றும் நினைத்தார். முப்பத்தேழாவது லாரிக்கு எடை எழுதிக்கொண்டிருந்தபோது மைத்துனன் ஆள் அனுப்பினான். காளியம்மாள் கடைசி வரைக்கும் கதவுப் பக்கம் பார்த்து, "அவுக வந்துட்டாகளா?" என்று கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். இந்த முறையும் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பதுதான் அவருடைய பயம். விமானம் அதற்கு ஒரு சாக்கு.

இதை அவர் ஒச்சப்பனிடம் சொன்னார். இருபத்தெட்டு வருஷத்தில் முதல்முறையாக ஒருவரிடம் சொன்னார். ஒச்சப்பன், "அந்த அக்காவுக்குக் கல்லு நட்டிருக்குமே, எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டான்.

பிரசவத்தில் போன பெண்ணுக்குச் சாலையோரத்தில் சுமைதாங்கி வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்கப் போடுவார்கள். வழிப்போக்கர்கள் தலைச்சுமையை அதில் இறக்கி இளைப்பாற, இளைப்பாறாமலே போனவளின் சுமையும் கூடவே குறையும் என்பது நம்பிக்கை. காளியம்மாளுக்கு அவளுடைய அண்ணன், கன்னிவாடிக்கு ரோடு பிரியும் விலக்குக்குப் பக்கத்தில் புளியமரத்தடியில் நட்டான். பொன்னுச்சாமி அன்றைக்குப் போகவில்லை. பிறகு தினமும் இரண்டு முறை பஸ்ஸில் அதைத் தாண்டிப் போனார், இரண்டு முறையும் அடுத்த பக்கத்து ஜன்னலையே பார்த்தார். தலைச்சுமையோடு நடக்கிற ஆட்களும் அந்த ரோட்டில் இல்லாமல் போய்விட்டார்கள். கல் சும்மா நின்றது.

மறுநாள் காலை ஒச்சப்பன் ஒரு டெம்போ பிடித்தான். டிரைவர் கொங்குப் பக்கத்துக்காரர். "ஏனுங்க, லோடு எங்கீங்க?" என்று கேட்டுவிட்டு, பொன்னுச்சாமி ஒருவர் பின்னால் ஏறியதும் வண்டியின் ஸ்பிரிங் பட்டை அமுங்கியதைப் பார்த்து, மேற்கொண்டு எதுவும் கேட்காமல் வண்டியை எடுத்தார். கல் அவர் நினைத்திருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. பேரும் வருஷமும் வெட்டியிருந்தார்கள், பேரில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. முதுகைக் காட்டி நிற்க வேண்டும், முட்டியை மடக்கிச் சாய வேண்டும், கடைசியில் கழுத்தைத் தளரவிட வேண்டும் என்று ஒச்சப்பன் சொல்லிக்கொடுத்தான். கழுத்தைத் தளரவிடுவதுதான் முடியவில்லை. பொன்னுச்சாமி வெகுநேரம் சாய்ந்தபடி நின்றார். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டு, "காளி, அன்னிக்கு நான் வந்திருக்கணும்" என்றார். அழுதார். கல் ஒரு முழம் பூமிக்குள் இறங்கியது. புளியமரத்திலிருந்து கொஞ்சம் பூ உதிர்ந்தது.

"திரும்பி வாரப்ப எடுத்துக்கங்கண்ணே" என்றான் ஒச்சப்பன். "இது எளப்பாறுற எடம். போட்டுட்டுப் போற எடம் இல்ல." பொன்னுச்சாமி தலையாட்டினார். மேடைக்கு வந்து ஏறி நின்றபோது அறுபது காட்டியது. அந்த மெஷின் பத்துக் கிலோவுக்குக் குறைந்த எதையும் கணக்கில் எடுக்காது, மேலே மூன்று கிலோ இருப்பதை நாமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

விமானத்தில் அவருக்குப் பயம் இருந்தது, எல்லோருக்கும் இருக்கிற அளவுக்கு. கிளம்பும்போது காது அடைத்தது, ஜெய்தூன் பீவி சொன்னபடி சாமான்களை எண்ணினார். பத்து நிமிஷத்தில் அது தீர்ந்ததும் சுற்றியிருந்தவர்களின் கழுத்தைப் பார்த்து எடை போட ஆரம்பித்தார். முன் இருக்கைக் கிழவருக்கு இரண்டு டன் குறையாது. வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு இளம்பெண்ணுக்கு ஐந்துக்கு மேலேயே இருக்கும். வழியில் கல் இல்லாதவர்கள் அப்படியே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். அந்த லோடையும் சேர்த்துத்தான் விமானம் தூக்கிக்கொண்டு போகிறது என்பது விளங்கியதும், ஆட்களை ஏன் எடை போடுவதில்லை என்ற கேள்வியை அவர் விட்டுவிட்டார். போட்டிருந்தால் ஒரு விமானமும் கிளம்பியிருக்காது.

போய்ச் சேர்ந்த பன்னிரண்டாம் நாள் சூர்யகலாவுக்கு வலி கண்டது. பத்தொன்பது மணி நேரம். பாதி சாத்தியிருந்த கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. உள்ளேயிருந்து அவ்வப்போது, "அப்பா?" என்று சத்தம் வரும். "இருக்கேன் தாயி" என்பார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வரும். இருநூறு தடவையாவது சொல்லியிருப்பார், ஒரு தடவைகூடச் சொல்லத் தவறவில்லை. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். கையில் கொடுத்தார்கள். பொன்னுச்சாமி ஏந்தினார், அசையாமல் ஒரு நிமிஷம் நின்றார். "மூணு கிலோ நூத்தி எம்பது" என்றார். நர்ஸ் தராசில் வைத்தபோது அதுதான் வந்தது.

ஐந்து மாதம் கழித்து ஊர் திரும்பியவர், சொன்ன சொல் தவறாமல், பெட்டியோடு நேராகப் புளியமரத்தடிக்குப் போனார். ஒச்சப்பன் அதே டெம்போவோடு காத்திருந்தான். கல் பழைய உயரத்துக்கு ஏறி வந்திருந்தது. பொன்னுச்சாமி முதுகைக் கொடுத்து, முட்டியை மடக்கி, நாலு டன்னுக்குத் தயாராகத் தம் பிடித்து எழுந்தார். எழுந்த வேகத்தில் முன்னால் தடுமாறினார்.

ஒச்சப்பன் கழுத்தைப் பார்த்தான். அவனுக்கே பிடிபடவில்லை. "எம்புட்டுண்ணே இருக்கு?"

பொன்னுச்சாமி இரண்டு கையையும் சேர்த்து நெஞ்சோரம் ஏந்திப் பார்த்தார். இந்த எடையை அவருக்குத் தெரியும்.

"மூணு கிலோ நூத்தி எம்பது" என்றார்.

எடைமேடையில் அது விழவில்லை, பத்துக் கிலோவுக்குக் குறைந்தது. பேத்திக்கு இப்போது மூன்று வயது, பதினாலு கிலோ இருப்பதாகப் போனில் சொன்னார்கள். பொன்னுச்சாமியிடம் இருப்பது மட்டும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதை அவர் எங்கேயும் இறக்கி வைப்பதில்லை. காலையில் கன்னிவாடி பஸ்ஸில் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்வார், விலக்கு வரும்போது கல்லைப் பார்ப்பார். கூட்டம் அதிகமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் அவர் கை இடிபடாமல் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். கண்டக்டர் அதற்கு டிக்கெட் கேட்பதில்லை.