பதினாலும் இல்லை, பழமும் இல்லை

அந்தப் பழம் என்ன நிறம் என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம்தான். மஞ்சளில் லேசாகச் சிவப்பு ஏறியிருந்ததாக ஞாபகம். நைனார்பாளையத்தில் அன்று பந்தலில் இருந்தவர்களைக் கேட்டால் ஒருவர் ரோஸ் என்கிறார், இன்னொருவர் பச்சை என்கிறார், மூன்றாமவர் தான் அன்றைக்கு வரவே இல்லை என்று சொல்லிவிட்டு அதன் ருசியை மட்டும் விவரிக்கிறார். ஆகவே நிறத்தை விட்டுவிடுவோம். வாசனையில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அது தெருவையே தூக்கிக்கொண்டு போனது.

கவியரசனுக்குக் கள்ளக்குறிச்சி பைபாஸ் ஓரத்தில் ஒரு ஊதுவத்திக் கொட்டகையில் வேலை. குச்சிகளுக்கு வாசனை ஏற்றுவது அவன் பொறுப்பு. அதிகம் பேச மாட்டான். யாராவது கேள்வி கேட்டால் அதை ஒரு மூலையில் வைத்து நன்றாகச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் பதிலை எடுத்து வருவான். அதற்குள் கேட்டவர் டீ குடித்துவிட்டுத் திரும்பியிருப்பார்.

சில நாட்களாக அவனை ஒரு கவலை அரித்துக்கொண்டிருந்தது. நைனார்பாளையத்தில் வாழ்க்கைப்பட்ட அவன் தங்கை இசைவாணியின் மகனுக்குக் காது குத்து. தாய்மாமன் சீர் கொண்டுபோக வேண்டும். இசைவாணியின் மாமியார் ராஜாம்பாள், வளைகாப்புக்கு இவன் கொண்டுபோன சீரைப் பார்த்துவிட்டுச் சொன்ன ஒரு வாக்கியம் அந்த வீட்டில் இன்னும் உயிரோடு இருந்தது. "தட்டெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சி. மேல இன்னா வெச்சிருந்தாங்கன்னுதான் கண்ணுக்குத் தெரியல." குழம்பில் உப்பு குறைந்தாலும், குழந்தைக்குச் சளி பிடித்தாலும், மழை பெய்யாமல் போனாலும் இசைவாணி அந்த வாக்கியத்தைக் கேட்க வேண்டியிருந்தது. இந்த முறையும் தட்டு காலியாகத் தெரிந்தால் தங்கை ஆயுசுக்கும் அந்த வீட்டில் தலைநிமிர முடியாது. கவியரசனுக்கோ அந்த மாதம் கை சுருங்கியிருந்தது.

இந்த நிலையில்தான் கொட்டகைக்குப் புதுச் சரக்கு வந்தது. அலுமினியப் புட்டியில் எண்ணெய் மாதிரி ஒரு திரவம். மூடியைத் திறந்ததும் கவியரசனுக்கு யாரோ பக்கத்தில் கூடைப் பழத்தை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. நன்றாகக் கனிந்த பழம், அதன்மேல் கொஞ்சம் பாலாடை. என்ன பழம் என்றுதான் பிடிபடவில்லை. மாம்பழம் என்று நினைத்தால் பலாப்பழமாக நழுவியது. பலா என்று பிடித்தால் தேங்காய்ப் பக்கம் ஓடியது.

"இது பேரு ஆல்டிஹைடு சி-பதினாலு," என்றார் முதலாளி. "ஆனா இது ஆல்டிஹைடுன்ற ரசாயனமே கெடையாது."

கவியரசன் யோசித்தான். "பதினாலு?"

"பதினாலும் கெடையாது. உள்ள கார்பன் பதினொண்ணுதான் இருக்குதாம். எவனோ வெள்ளைக்காரன் ரகசியமா இருக்கட்டும்னு பேரை மாத்தி வெச்சானாம்."

"பழமாச்சும் இருக்குதாங்களா?"

"ஒரு பழமும் கெடையாது. ஃபாக்டரியில செய்றது. நூறு வருஷத்துக்கு மேல சென்ட்டுக்காரன் எல்லாம் இதைத்தான் ஊத்திக்கினு இருக்கான்."

கவியரசன் அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தான். சொன்ன பேரில் ஒன்றுகூட உண்மையில்லை. ஆனாலும் நூறு வருஷமாக மரியாதையாக வாழ்கிறது. யாரும் தட்டிக் கேட்கவில்லை. அவன் மனதில் ஒரு யோசனை மெல்ல எழுந்து உட்கார்ந்தது.

சாயங்காலம் கடைவீதியில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோருக்குப் போனான். முகூர்த்த மாதம் என்பதால் பிளாஸ்டிக் ஆப்பிள், பிளாஸ்டிக் திராட்சை எல்லாம் தீர்ந்துபோய் ஒரே ஒரு வகை மட்டும் அட்டைப்பெட்டி நிறைய இருந்தது. உருண்டையாக, நடுவில் ஒரு மடிப்போடு, மேலே பொய்யான பூனைமயிரோடு.

"இது இன்னா பழங்க?"

"சைனா பழம்."

"சாப்பிடறதா?"

கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பிளாஸ்டிக்குங்க."

வீட்டில் அவன் மனைவி செந்தமிழ்ச்செல்வி அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"நல்ல பழமும் வெக்கிறோம் செல்வி. ஆப்பிள், ஆரஞ்சு, வாழைத்தாரு. இது சும்மா ஓரத்துல, தட்டு நெறையறதுக்கு."

"உங்க தங்கச்சி மாமியார் மோந்து பார்ப்பாங்க. அவங்க தேங்காயையே மோந்து பார்க்குற ஆளு."

கவியரசன் சட்டைப்பையிலிருந்து சின்னப் புட்டியை எடுத்து வைத்தான். முதலாளியிடம் கேட்டு வாங்கியது. கொடுக்கும்போதே அவர் எச்சரித்திருந்தார்: "ஒரு சொட்டு போதும். ரெண்டாவது சொட்டு வெக்கிறவன் ஊரைவுட்டே போவணும்."

செல்வி முகர்ந்தாள். இன்னொரு தடவை முகர்ந்தாள். பிறகு, "எனக்குப் பசிக்குது," என்றாள்.

காது குத்து அன்று காலை ஒரு குட்டியானை வண்டியில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு கிளம்பினார்கள். போகிற வழியில் பழத்தட்டில் ஒரு சொட்டு வைக்கலாம் என்று கவியரசன் மூடியைத் திறந்த கணத்தில் வண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. புட்டியில் இருந்ததெல்லாம் தட்டுகளின் மேல் போய்விட்டது. பிளாஸ்டிக் பழம், நிஜப் பழம், பட்டுச்சேலை, வெற்றிலை, கவியரசனின் வேட்டி என்று எதையும் அது விட்டுவைக்கவில்லை.

டிரைவர் முன்னாலிருந்து கத்தினார். "இன்னாங்க, பழத்தை வண்டியிலயே அறுக்கிறீங்களா? எனக்கொண்ணு குடுக்கக் கூடாதா?"

நைனார்பாளையத்தில் மேளத்துக்கு முன்னால் வாசனை போய்ச் சேர்ந்தது. தெருவில் வீட்டுக்கு வீடு ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள். ஒரு கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு சீர்வரிசையோடு சேர்ந்து நடந்தது. நாதஸ்வரக்காரர் ஊதுவதை நிறுத்தி மூச்சை ஒருதரம் ஆழமாக இழுத்துவிட்டு மறுபடி ஊதினார்.

பந்தலில் ராஜாம்பாள் நின்றிருந்தாள். கெட்டிக் கரைச் சேலை, மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி. தனக்குத் தெரியாதது ஒன்று இந்த உலகத்தில் உண்டு என்று அவள் அதுவரை ஒப்புக்கொண்டதில்லை. தட்டுகள் ஒவ்வொன்றாக இறங்குவதைப் பார்த்தாள். மூக்கு விடைத்தது.

"இன்னா பழம்பா இது?"

கவியரசன் கேள்வியை வழக்கம்போல் மூலைக்குக் கொண்டுபோனான். அவன் திரும்பி வருவதற்குள் செல்வி முந்திக்கொண்டாள். "மலைப்பழம் அத்தை. கல்வராயன் மலையில, வெள்ளிமலைக்கும் மேல. சுலபத்துல கெடைக்காது. இவருதான் ஆளு வெச்சி எடுத்துக்கினு வந்தாரு."

கவியரசன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

ராஜாம்பாள் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "அட, அதுவா! நான் சின்ன வயசுல தின்ன பழம்தான இது. எங்கப்பா மலைக்குப் போனா மூட்டையா எடுத்துக்கினு வருவாரு. வாயில போட்டா கரைஞ்சிடும்."

உடனே பந்தலில் இருந்த எல்லோரும் அந்தப் பழத்தைத் தின்றவர்களாக மாறிவிட்டார்கள். ஒருவருக்கு அது சர்க்கரையைக் குறைத்ததாம். ஒருவருக்கு அதன் கொட்டையைத் தேய்த்ததில் மூட்டு வலி போயிற்றாம். "ஜாஸ்தி துன்னா மயக்கம் வரும்," என்று ஒரு பெரியவர் எச்சரித்தார்.

அப்போதுதான் யாரோ சொன்னார்கள்: "தோ, நம்ம பச்சமுத்து வந்திருக்கான். அவன் ஊரே வெள்ளிமலைதான. அவனைக் கேளுங்க."

பச்சமுத்து, இசைவாணியின் கணவன் அய்யனாருக்குக் கூட்டாளி. மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிறவன். மொத்தப் பந்தலும் அவன் பக்கம் திரும்பியது. அவன் ஒரு பழத்தைக் கையில் எடுத்தான். எடை இல்லாமல் இருந்தது. கவியரசனைப் பார்த்தான். பழத்தைப் பார்த்தான். பிறகு பேசாமல் இருந்தான்.

மௌனங்களைப் பற்றித் தனக்கு ஓரளவு தெரியும் என்று கவியரசன் நினைத்திருந்தான். ஆனால் இது அவனுடையதைவிடப் பெரியது. இதில் ஏறி இறங்கக் கொண்டைஊசி வளைவுகள் தேவைப்பட்டன. இசைவாணி சமையல்கட்டு வாசலில் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை. பார்த்தால் உண்மையைச் சொல்லிவிடுவான்.

பச்சமுத்துவுக்கும் ஒரு சிக்கல் இருந்தது. தன் மலையில் தனக்குத் தெரியாத ஒரு பழம் இருப்பதாக இத்தனை சமவெளிக்காரர்கள் முன்னால் எப்படிச் சொல்வது?

"இருக்குது," என்றான் கடைசியில்.

"பேரு இன்னாப்பா?"

"பேரு சொல்ல மாட்டோம். சொன்னா காய்க்காது."

பந்தல் மெய்சிலிர்த்தது.

ஆசாரி வந்தார். கவியரசன் மனைப்பலகையில் உட்கார்ந்து, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய மருமகன் தமிழழகனை மடியில் வாங்கிக்கொண்டான். ஊசி காதில் ஏறியதும் குழந்தை வீறிட்டான். கைகளை வீசினான். வீசிய கை பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு பழத்தைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனது. பல் முளைக்கிற வயசு. கடித்தவன் அழுகையை நிறுத்திவிட்டுப் பிடிவாதமாகக் கடித்துக்கொண்டே இருந்தான்.

"பார்த்தியா, அவ்ளோ தித்திப்பு," என்றார்கள்.

கொட்டகையில் அலுமினியப் புட்டியின் மேல் எழுதியிருந்தது கவியரசனுக்கு ஞாபகம் வந்தது. உண்ணத் தகுந்ததல்ல. பழத்தைப் பிடுங்கினான். குழந்தை முன்னைவிடச் சத்தமாக அலறினான்.

"ஏம்பா, புள்ள வாயில இருக்குறத புடுங்குற! மாமனா நீ?"

"வாய ஈரத்துணியால தொடைச்சி வுடுங்க," என்று மட்டும் அவனால் சொல்ல முடிந்தது. இசைவாணி துடைத்தாள். குழந்தைக்கு ஒன்றுமில்லை. பழத்தில் மட்டும் இரண்டு சின்னப் பள்ளம்.

"சரி, சரி," என்று ராஜாம்பாள் கையைத் தட்டினாள். "சீர்ப்பழத்தை அறுத்து எல்லாருக்கும் ஆளுக்கொரு துண்டு குடுப்போம். இசைவாணி, அருவாமணைய எடுத்துக்கினு வா."

கவியரசன் எழுந்தான். "அத்தை, அப்புறமா..."

"நீ உக்காரு. உன் சீரு, என் கை."

அவள் தரையில் அமர்ந்து அரிவாள்மணையை மிதித்துக்கொண்டு பழத்தை வைத்து அழுத்தினாள். பழம் வழுக்கியது. இன்னும் அழுத்தினாள். 'டொக்' என்று உள்ளே நெளிந்து, 'டொக்' என்று வெளியே வந்தது. கூட்டம் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தது. ராஜாம்பாள் பல்லைக் கடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். ஒரு கீறல் விழுந்தது. அதன் வழியாக உள்ளே பார்த்தாள்.

உள்ளே ஒன்றும் இல்லை. இருட்டு மட்டும் இருந்தது, நல்ல வாசனையோடு.

கவியரசன் கண்ணை மூடிக்கொண்டான். இசைவாணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். மேளக்காரர்கூட இருமவில்லை.

ராஜாம்பாள் தலையைத் தூக்கிக் கவியரசனைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். பிறகு, தான் சின்ன வயசில் மூட்டை மூட்டையாகத் தின்றதைக் கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரையும் பார்த்தாள்.

"காய்," என்றாள்.

"இன்னாது?"

"எல்லாம் காய். வாசனை முந்திக்கிச்சி, பழம் இன்னும் பழுக்கல. இந்தப் பழமே அப்படித்தான். உங்களுக்கு எங்க தெரியப்போவுது." கீறலைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டாள்.

"புள்ள கடிச்சிதே?"

"பச்சப் புள்ளைக்குக் காய் இன்னா, பழம் இன்னா?"

"மூட்டம் போட்டுடலாமா? வைக்கோலக் கொளுத்தி..."

"பொகை ஆவாது!" என்று ராஜாம்பாளும் பச்சமுத்துவும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஒருவரை ஒருவர் முதல்முறையாக மரியாதையோடு பார்த்துக்கொண்டார்கள்.

"அரிசிக் குதிருல வெச்சாப் போதும். மெதுவா பழுக்கும்," என்றாள் ராஜாம்பாள். ஒரு பழம் விடாமல் முந்தானையில் அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அறைக் கதவைச் சாத்திப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினாள். வந்தவர்களுக்கு ஆப்பிளும் ஆரஞ்சும் வாழைப்பழமும் பரிமாறப்பட்டன. அவையும் அதே வாசனையில் இருந்தன. யாரும் குறை சொல்லவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு கவியரசன் வேட்டியைச் சரி செய்துகொண்டு விடைபெற நின்றான். ராஜாம்பாள் பக்கத்தில் வந்தாள். சுற்றிலும் சொந்தக்காரர்கள் இருந்தார்கள்.

"எங்க சம்பந்தி வூட்டுச் சீரு மாதிரி இந்தத் தெருவுல யாரும் கொண்டாந்ததில்ல," என்றாள் சத்தமாக. பிறகு குரலைத் தாழ்த்தி, "அடுத்த தடவ பழுத்ததா பார்த்து எடுத்துக்கினு வா," என்றாள்.

"சரிங்க அத்தை."

இசைவாணி வண்டி வரைக்கும் வந்தாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் அருகில் வந்ததும் அது நழுவி, அவள் சிரித்த சிரிப்பில் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணா, உண்மையைச் சொல்லு. அது இன்னா?"

கவியரசன் வெகுநேரம் யோசித்தான். "தெரியல பாப்பா," என்றான். அது உண்மை.

அந்தப் பழங்கள் பழுக்கவில்லை. சமவெளிச் சூடு அவற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ராஜாம்பாள் ஊருக்குச் சொல்லி, ஒருநாள் தனியாகக் கிணற்றுமேட்டில் குழி தோண்டிப் புதைத்தாள். இசைவாணி இப்போது அந்த வீட்டுச் சாவியை வைத்திருக்கிறாள். சீரைப் பற்றி அவளிடம் யாரும் பேசுவதில்லை. பச்சமுத்துவிடம் அந்த மரத்தைக் காட்டச் சொல்லி வருகிறவர்களை அவன் வெள்ளிமலை வரை ஜீப்பில் ஏற்றிப்போய், பருவம் முடிந்துவிட்டது என்று சொல்லி இறக்கிக் கொண்டுவருகிறான். செந்தமிழ்ச்செல்விக்குச் சின்னசேலத்தில் ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்தது. தமிழழகன் அங்கன்வாடிக்குப் போகிறான். கவியரசன் அதே கொட்டகையில்தான் இருக்கிறான்.