எந்த மச்சான்

ஏர் டாங்கைத் திருகி மாட்டியதுமே துப்பாக்கி சீற ஆரம்பித்தது. குழலின் வாயில் விரலை வைத்தேன். காற்று வந்தது. அடுத்ததை எடுத்தேன், அதுவும் அப்படியே. மூன்றாவதில் பம்பைப் பின்னால் இழுக்கவே முடியவில்லை. குழல் வழியாகக் காற்று ஒழுகினால் உள்ளே வால்வை அடைக்கும் சீல் போய்விட்டது என்று அர்த்தம். ஒன்றில் போகலாம். அலமாரி முழுக்க ஒரே இரவில் போகாது. டாங்கைக் கழற்றி, மிச்சக் காற்றையும் வெறுமனே சுட்டுத் தீர்த்துவிட்டு ஒரு துப்பாக்கியைப் பிரித்தேன். உள்ளே ரப்பர் வளையங்கள் ஊறப்போட்ட கடலை மாதிரி உப்பிக் கிடந்தன. மோந்து பார்த்தேன். துருப்பிடித்த கதவுக் கீலுக்கு அடிக்கிற ஸ்ப்ரே.

சாயக்குண்டு சுட்டு விளையாடும் இந்தப் பெயின்ட்பால் மைதானத்தின் மேனேஜர் என் அக்காவின் கணவர். சட்டைப்பையின் மேல் 'மேனேஜர்' என்று தைத்திருக்கும். அது இல்லாவிட்டால் அவருக்கே மறந்துபோகும். பம்ப் துப்பாக்கியை விளையாட வருகிறவர்களுக்கு விளக்குவது அவர் வேலை. முழுக்கப் பின்னால் இழுத்து, முழுக்க முன்னால் தள்ளினால்தான் சாயக்குண்டு ஒழுங்காக உள்ளே உட்காரும். இவர், "சும்மா லேசா இழுங்க, போதும்" என்பார். அவர்களும் லேசாக இழுப்பார்கள். வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு ஒரு நாள் ராணுவச் சட்டை போட்டு வருகிற வீரர்கள் அல்லவா. பாதி உட்கார்ந்த குண்டு உள்ளேயே நசுங்கி, குழலிலிருந்து மஞ்சளாக வடியும். "மச்சான், உன் துப்பாக்கிக்குச் சளி பிடிச்சிருச்சுடா" என்பார் எல்லோர் முன்னாலும். அவர்கள் சிரிப்பார்கள். நான் குச்சியில் துணி சுற்றிச் சளி எடுப்பேன்.

"மச்சான், இதுக்கெல்லாம் என்னத்த அடிச்சீங்க?" என்றேன், உள்ளே வந்தவரிடம்.

"எண்ணெய்தான். பம்ப் இறுக்கமா இருக்குன்னு நேத்து நாலு பேரு கத்துனானுங்க. நீ சொட்டுச் சொட்டா விட்டுக்கிட்டு இருந்தா விடிஞ்சிரும். எல்லாத்துக்கும் ஒரே அடியா அடிச்சிட்டேன்."

"அது இதுக்கு ஆகாது. ரப்பர் ஊதிரும் மச்சான்."

"எண்ணெய்ல என்னடா சைவம் அசைவம்?"

தன் நகைச்சுவையைத் தானே ரசித்து முடிப்பதற்குள் முதலாளி உள்ளே வந்துவிட்டார். வெளியே ஒரு கம்பெனி ஆட்கள் அத்தனை பேரும் முகமூடி மாட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். முதலாளி ஒரு துப்பாக்கியை எடுத்து பம்பை இழுத்தார். வரவில்லை. இன்னொன்றை எடுத்தார். மேசையில் கிடந்த வளையத்தை எடுத்து விரல்களுக்கிடையில் நசுக்கிப் பார்த்தார்.

"யாரு பாத்த வேலை இது? பாத்தவன் நாளையிலிருந்து இங்க வர வேணாம்."

இந்த வேலையோடு கட்டியதுதான் என் விசா. வேலை போனால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மேனேஜருக்கு அந்தப் பயம் இல்லை, இந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறது. ஆனால் நான் படுப்பது அவர் வீட்டு ஹாலில். காட்டிக்கொடுத்துவிட்டு அங்கேயே போய்ப் படுக்க முடியுமா? இத்தனையும் நெஞ்சுக்குள் ஓடி முடிவதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"மச்சான்தான் சார்."

அதே மூச்சில் அவரும் சொன்னார், "மச்சான்தான் சார்."

முதலாளி எங்களை மாறி மாறிப் பார்த்தார். "எந்த மச்சான்டா?"

எங்கள் பக்கம் அக்கா புருஷனும் மச்சான், பெண்டாட்டியின் தம்பியும் மச்சான். நான் அவரைச் சொன்னேன். அவர் என்னைச் சொன்னார். வெட்கமே இல்லாமல், கண் சிமிட்டாமல் சொன்னார்.

"காதுல பூ சுத்துறீங்களா ரெண்டு பேரும்?" முதலாளி கவுன்டர் பக்கம் திரும்பி அக்காவைக் கூப்பிட்டார். அவள்தான் முகமூடி கொடுக்கிறவள். "இவன் அவனச் சொல்றான், அவன் இவனச் சொல்றான். நேத்து பூட்டுறப்ப நீ இருந்தேல்ல? யாரும்மா அடிச்சது?"

அக்காவுக்கு மச்சான் குழப்பமெல்லாம் கிடையாது. கணவர் என்றால் 'அவரு'. நான் என்றால் 'அவன்'. ஹாலில் படுத்திருக்கும் என் காதில் அவர்கள் சண்டை எல்லாமே விழும். கதவை அறைந்து சாத்துகிற சண்டையில்கூட அந்த 'ரு' இடம் மாறியதில்லை. மேனேஜர் அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார், வீட்டில் தண்ணீர் கேட்கும்போது அசைக்கிற அதே அசைப்பு.

"அவன்தான் சார்," என்றாள் அக்கா.

மேனேஜர் பெருமூச்சு விட்டார். முதலாளியின் விரல் என் பக்கம் நீண்டது. அப்போதுதான் கவனித்தேன், அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. அந்த 'ரு'வை முதல்முறையாக விழுங்கிவிட்டு, கணவரை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்பில் ஒட்டியதைப் பார்ப்பது போன்ற பார்வை. அவர் முகத்தில் வந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் உதட்டிலேயே நின்றது. முதலாளியின் விரல் பாதியில் தயங்கியது.

அக்கா என் தோளில் கிடந்த துணியை உருவினாள். கறையே படாத தன் விரல்களை ஒவ்வொன்றாக, நிதானமாகத் துடைக்க ஆரம்பித்தாள்.