வேலிக்கு அடியில் ஒரு சாண்

கமலம்மாளின் ரோஜாச் செடிகளுக்கு நடுவே எங்கள் நாய்க்குட்டி ராகியின் தலை தெரிந்தபோது நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். இரு வீடுகளின் நடுவே இருந்த மரவேலிக்கும் தரைக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி. ராகிக்கு அது போதும்.

"ஏன்ரீ விஜய், இதோட மூணு செடி போச்சு. இன்னொண்ணு போச்சுன்னா நாய் இங்க இருக்கக் கூடாது. அஷ்டே, முடிஞ்சுது" என்று கன்னடம் கலந்த தமிழில் சொன்னார் வீட்டுச் சொந்தக்காரரான கமலம்மாள்.

என் மனைவி பூங்குழலி ராகியைத் தூக்கிக்கொண்டாள். ராமாபுரத்திலிருந்து மைசூருக்கு வந்த முதல் மாதம், கன்னடம் பிடிபடாமல் வாசலிலேயே நின்றிருந்த நாட்களில், தெருமுனையிலிருந்து அவள் எடுத்து வந்த குட்டி அது. அதை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"மர ஆசாரி ஒருத்தரக் கூப்பிடட்டுமா?" என்று அவளிடம் கேட்டேன்.

"நானே அடைச்சுப் போடறேன். ஆளு கூப்ட்டீங்கன்னா ராகியோட நானும் ஊருக்குப் போயிருவேன், பாத்துக்கங்க."

அன்று மதியமே கமலம்மாளிடம் கேட்டுக்கொண்டு, அவர் பக்கமாக மண்ணைப் பறித்தாள். கம்பிவலையை வேலியின் அடிப்பலகையில் அடித்து, கீழே மடக்கி, இரண்டடிக்குப் படுக்கையாக விரித்து மண்ணைப் போட்டு மூடினாள். "எங்கப்பன் கோழிப்பட்டிக்கு இப்படித்தான் போடுமுங்க. கீரி வேலி ஓரமாத்தான் பறிக்கும். ரெண்டடி தள்ளி நின்னு பறிக்கற புத்தி அதுக்கு இல்ல."

மறுநாள் காலையில் ராகி எங்கள் பக்கமிருந்து தோண்டி, வலையை முதுகால் முட்டித் தூக்கி, பாதி உடம்பை ரோஜாத் தோட்டத்துக்குள் நுழைத்திருந்தது. பூங்குழலி பாய்ந்து பின்னங்கால்களைப் பிடித்து இழுத்தாள். செடி தப்பியது. கமலம்மாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

பூங்குழலி குழியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, எங்கூர்ல திருடன் வெளியிலிருந்து வருவான். இங்க திருடன் நம்ம மடியிலயே உக்காந்திருக்கான்!"

வலையைப் பிடுங்கி எங்கள் பக்கமாக விரித்தாள். வேலி நெடுகிலும் பள்ளம், வலை, கல், மண். நான் கல் சுமந்தேன். எந்தக் கல் எங்கே என்று அவள்தான் சொன்னாள். முழங்கை வரை செம்மண். நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு அவள் நிமிர்ந்தபோது, கல்யாண மேடையில்கூட நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை என்று தோன்றியது.

சாயங்காலம் ராகியை அவிழ்த்துவிட்டோம். கமலம்மாள் அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ராகி நேராகப் பழைய இடத்துக்குப் போய்ப் பறித்தது. நகம் கம்பியில் கீறியது. நான்கடி தள்ளிப் போய்ப் பறித்தது. அங்கும் கம்பி. வேலியின் கடைசிவரை போய்விட்டுத் திரும்பி வந்தது. பூங்குழலி என் கையைப் பிடித்திருந்தாள். அவள் விரல்களிலிருந்த மண் என் கையில் நரநரத்தது.

"விஜய், என் முன்பக்க கேட்டுக்கு அடியிலயும் இதே மாதிரி போட்டுக் குடுக்கச் சொல்லுங்களேன்" என்றார் கமலம்மாள்.

"என்னைக் கேட்டா எப்படி ஆன்ட்டி? போட்டவங்க இங்கதானே நிக்கறாங்க, அவங்களையே கேளுங்க."

கமலம்மாள் எழுந்து பூங்குழலியிடம் கேட்க வேலி அருகே வந்தார். பூங்குழலி வெறுங்காலால் மண்ணை இறுக மிதித்தபடி வேலி ஓரமாக நடந்தாள். ராகி வேலியின் அடியில் தெரிந்த வலையில் மூக்கை வைத்துப் படுத்துவிட்டது. அது மூச்சுவிடும்போதெல்லாம், அந்தப் பக்கம் உதிர்ந்து கிடந்த ரோஜா இதழ் ஒன்று லேசாக எழும்பி, மறுபடி மண்ணில் படிந்தது.