காயாத சாட்சி

சமையலறைப் பின்சுவரில் கையை வைத்தேன். பூச்சு குளிர்ந்திருந்தது. விரலால் அழுத்தினேன். நகம் உள்ளே இறங்கியது.

எங்கள் ஊரில் சுவரில் விரிசல் விட்டால், அதற்குக் குறுக்கே கையகலத்துக்கு ஜிப்சம் பூசி, காயுமுன் ஆணியால் தேதி கீறி வைப்போம். அதைச் சாட்சி என்போம். சுவர் அசையாத வரை பூச்சு முழுசாக இருக்கும். இம்மியளவு நகர்ந்தாலும் உடைந்துவிடும். பாறை விளிம்பில் குடியிருப்பவர்களுக்கு இது பழகிப்போனது. காலையில் காபி வைக்கப் போகும்போதே கண் ஒருமுறை அங்கே போய்விட்டு வரும்.

எங்கள் சாட்சியில் போன வருடத்துத் தேதி இருந்தது. என் கணவன் யூட்டிமியோவின் கையெழுத்து. ஒரு வருடமாகியும் பூச்சு ஈரமாக இருக்க வழியில்லை.

உடைந்ததைப் பெயர்த்தெடுத்துவிட்டு, புதிதாகப் பூசி, பழைய தேதியையே கீறியிருக்கிறான். எத்தனை முறை அப்படிச் செய்தானோ தெரியாது. நான் தினமும் பார்த்து நிம்மதியானது அந்தத் தேதியைத்தான்.

ஏன் செய்தான் என்று கேட்கத் தேவையில்லை. சாட்சி உடைந்தது தெரிந்தால் பழைய கட்டடங்களைக் கவனிக்கும் அலுவலகம் வீட்டுக்குச் சீல் வைத்துவிடும். அப்படிச் சீல் வைத்த வீடு எங்கள் தெருவில் திரும்பத் திறந்ததில்லை. முனைவீட்டில் மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இப்போது அதன் ஜன்னல் வழியாக அத்திமரம் எட்டிப் பார்க்கிறது.

அன்று மாதா திருநாள். வருடத்துக்கு ஒருமுறை சப்பரத்தை எங்கள் வீட்டுக்குள் தூக்கிவந்து, பள்ளத்தாக்கின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மர மாடத்தில் நிறுத்துவார்கள். மாதா அங்கிருந்து ஆற்றைப் பார்க்க வேண்டும். யூட்டிமியோவின் கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து அது இந்த வீட்டின் உரிமை. இந்த வருடம் சப்பரத்தின் முன்கொம்பு அவன் தோளில். விடியுமுன்பே கோவிலுக்குப் போய்விட்டான்.

சந்து குறுகலானது. எதிர்வீட்டு ஒப்துலியா ஜன்னலில் நின்றபடியே என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"என்ன கசில்டா, மாதா வர்ற நேரத்துல பேயைப் பாத்தவ மாதிரி நிக்கிற?"

"ஒண்ணுமில்ல."

"புருசன் முன்கொம்பு தூக்குறான்னு பெருமையில வாயடைச்சுப் போச்சாக்கும். போன தடவை பின்கொம்புக்கே முதுகு பிடிச்சுக்கிட்டு ஒரு வாரம் கெடந்தான்."

"மாடத்துல இந்தத் தடவை எத்தனை பேர் நிப்பாங்க?"

"எப்பவும் போலத்தான், மூச்சு விட இடமில்லாம. என் காலை மிதிச்சானே ரொட்டிக்கடைத் தடியன், அவன் வராம இருந்தா சரி. அவன் ஒருத்தனே மூணு ஆளு."

அவள் சிரித்தாள். நான் சிரித்தேனா என்று நினைவில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் வீடு போய்விடும், ஊர் முன்னால் யூட்டிமியோவின் மானமும் போய்விடும். நான் ஜன்னலைச் சாத்தினேன்.

சமையலறையில் நாற்காலியைப் போட்டுச் சுவரெதிரே உட்கார்ந்தேன். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு, கழுவிக் கவிழ்த்த தட்டின் மேல் மணல் விழுந்தது, யாரோ உப்புத் தூவுவது போல. நின்றது. மறுபடி விழுந்தது. கீழே எவ்வளவு தூரத்துக்கு வெறும் காற்று இருக்கிறது என்பதை இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் நினைக்காமல் பழகியிருந்தேன். அன்று நினைத்தேன்.

தூரத்தில் முரசு கேட்டது. ஊர்வலம் சந்துக்குள் திரும்பிவிட்டது. ஒவ்வொரு அடிக்கும் அலமாரியில் கண்ணாடித் தம்ளர்கள் சிணுங்கின. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈரப் பூச்சின் அடியிலிருந்து மயிரிழை போல ஒரு கோடு கிளம்பி, தேதியின் நடுவே புகுந்து மேலேறியது.

எழுந்து போய் வாசல் கதவைப் பூட்டினேன்.

கதவில் மூன்று தட்டு விழும். வீட்டுக்காரி உள்ளேயிருந்து "யாரது" என்று கேட்க வேண்டும். "ஆத்தைப் பாக்க வந்தவ" என்று முன்கொம்புக்காரன் சொல்வான். கதவு திறக்கும். அதுதான் முறை.

மூன்று தட்டு விழுந்தது. நான் கேட்கவில்லை.

மறுபடியும் தட்டினார்கள்.

"சூப்பு அடிபிடிச்சுதோ என்னமோ," என்றது ஒரு குரல். சந்து சிரித்தது.

"கசில்டா, கேளும்மா. தோளு வலிக்குது." யூட்டிமியோ.

நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டேன்.

"யூட்டிமியோ, பூச்சு இன்னும் காயல."

சிரிப்பு ஒவ்வொரு வாயாக அடங்கியது. அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாதவர் அந்தச் சந்தில் யாரும் இல்லை. முரசும் நின்றுவிட்டது. மரப்பலகைக்கு அந்தப் பக்கம் அவன் மூச்சு மட்டும் கேட்டது.

"எப்போ பாத்த?"

"காலையில. இப்போ அதுவும் விரிஞ்சுபோச்சு."

"வெளிய வா."

சாவி திரும்பியது. கதவு வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். மேல்விட்டம் இறங்கி, கதவின் தலையில் உட்கார்ந்திருந்தது.

"வரல," என்றேன்.

வெளியே காலடிகள் பின்வாங்கின. மரம் கல்லில் உரசியது. மாதாவைத் தரையில் இறக்கினார்கள். வழியில் சப்பரத்தைத் தரையில் வைத்ததை எங்கள் ஊர் கண்டதில்லை. முன்கொம்பை உருவிக் கதவிடுக்கில் நுழைத்தார்கள். இடுக்கு வழியாக அவன் ஒரு கண் தெரிந்தது.

"திரும்பிப் பாக்காத. என்னையே பாரு."

கதவு பிளந்தது. பக்கவாட்டில் நுழைந்து வெளியே வந்தேன். சட்டைக் கை கிழிந்தது. எனக்குப் பின்னால் சமையலறையில் தட்டுகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

மாடம் விழவில்லை. எல்லோரும் விலகி நின்று காத்திருந்தோம். அது விழவேயில்லை. அன்று மாதா ஆற்றைப் பார்க்காமல் திரும்பினாள். யூட்டிமியோ கொம்பைத் தொடவில்லை. சப்பரத்துக்குப் பின்னால் தலைகுனிந்து நடந்தான். ரொட்டிக்கடைக்காரர் மட்டும் என் பக்கத்தில் வந்து, தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார்.

அலுவலகத்தார் வந்து முட்டுக் கொடுத்து, சீல் வைத்துவிட்டுப் போனார்கள். ஒப்துலியா தன் மாடியறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தாள். யூட்டிமியோ அதிகம் பேசுவதில்லை. நானும் கேட்பதில்லை.

இன்று காலை அவன் விரல் நகங்களில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அவன் வெளியே போனதும் அறையைச் சுற்றிப் பார்த்தேன். கட்டிலுக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில், சுவரில் மெல்லிய விரிசல். அதன் குறுக்கே கையகலப் பூச்சு. அதில் இன்றைய தேதி.

தொட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. இன்று பூசியது ஈரமாகத்தான் இருக்கும்.

நாளை மறுபடி தொட்டுப் பார்க்க வேண்டும்.