மூன்றாம் ஓலைக்கு முன்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய்யை நான் சொல்லவில்லை. மறுக்காமல் இருந்தேன்.

என் மனைவி ஷீலா டெங்குவில் இறந்து மூன்று வருடம். "பொண்டாட்டிய உசுரா நெனச்ச பையன்" என்கிறது நாசரேத் ஊர். அதை நம்பித்தான் ஜெப்ஸி என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள். கோயிலில் எங்கள் கல்யாண அறிவிப்பு ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று போதகர் கேட்டார். எனக்கு இருந்தது. உட்கார்ந்திருந்தேன்.

நாளை மறுநாள் மூன்றாவது, கடைசி ஓலை.

2

முதல் தொடக்கம்: "துறைமுகத்தில் காத்திருக்கும் கப்பலைப் போல ஷீலா..." இந்த வரியை அடித்துவிட்டேன். நான் ஷிப்பிங் ஆபீசில் வேலை பார்க்கிறவன். கப்பல் காத்திருந்தால் மணிக்கொரு முறை போன் செய்வேன். ஷீலாவுக்குச் செய்ததில்லை.

இரண்டாம் தொடக்கம்: "ஷீலா கோபக்காரி." இதையும் அடித்தேன். எனக்கு வசதியான பாத்திரம். உண்மையில் அவள் கேட்க மட்டும் செய்தாள்.

"என்னன்னு சொன்னாத்தான தெரியும்?"

நான் வெளியே போய் அரைக் கிலோ மக்ரூன் இனிப்பு வாங்கி வருவேன். ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு பெட்டி. அதுவே மன்னிப்பு என்று அவளுக்குப் புரியுமென நினைத்தேன். ஒரு கட்டத்தில் அவள் பெட்டிகளைப் பிரிப்பதை நிறுத்தினாள். பிறகு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.* ஐந்து மாதம் கழித்துக் காய்ச்சல். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவளுக்கு நினைவில்லை.

(* உடம்புக்கு முடியாமல் வந்திருக்கிறாள் என்று அவள் அம்மா ஊரிடம் சொல்லியிருந்தார். அதையும் நான் மறுக்கவில்லை.)

3

ஆபீஸ் நண்பன் பிரைட்டனிடம் மட்டும் சொன்னேன்.

"ஏலே, எதுக்குலே இதப் போய்க் கிளறுத? அவளுக்கும் நல்ல பேரு, ஒனக்கும் நல்ல பேரு. இருந்துட்டுப் போவட்டும்."

அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இந்த வாரம் ஜெப்ஸி போனில் பேசும்போது நான் வெறுமனே "ம்" சொல்வதைக் கவனித்தேன். ஷீலாவிடம் சொன்ன அதே "ம்".

4

மேலே உள்ளதை எழுதி, இன்று மாலை முத்துநகர் கடற்கரையில் ஜெப்ஸியிடம் கொடுத்தேன். கடைசி வரி வரை வாசித்துவிட்டுத் தாள்களை மடித்தாள்.

"தமிழ் நல்லாத்தான் இருக்கு. எனக்கு எழுதுனியளா, பத்திரிகைக்கு எழுதுனியளா?"

"உனக்குத்தான்."

"நான் பக்கத்துலதான இருக்கேன்."

நான் கடலைப் பார்த்தேன்.

"ஷீலாக்கா என்ன கேட்டாவ, நீங்க எதச் சொல்லல? வாயால சொல்லுங்க. பேப்பரக் கட்டிக்கிட முடியாது."

"சொன்னா கட்டிக்கிடுவியா?"

"கேட்ட பெறவுதான தெரியும். நாளைக்கு வீட்டுக்கு வாங்க. கைய வீசிக்கிட்டு வாங்க."

5

அவள் போன பிறகு மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் என் கையைப் பிடிக்கிறாள். ஒன்றில் ஓலையை நிறுத்தச் சொல்கிறாள். மூன்றாவதில் ஷீலா என் கனவில் வந்து, சே.

மூன்றிலும் நான் வாய் திறக்கவில்லை. மூன்றையும் அடித்தேன்.

இப்போது சனிக்கிழமை மதியம். ஜெப்ஸி வீட்டுக்குப் போகும் நாசரேத் பஸ் வர இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது. என்ன சொல்லப் போகிறேன் என்று ஒத்திகை பார்க்கிறேன்: ஜெப்ஸி, ஷீலா என்னிடம் கேட்டதெல்லாம்

இந்த வாக்கியத்தின் மீதி எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்ல மாட்டேன். முதலில் அவள் கேட்கட்டும்.