கிடங்குக்கு வராத கட்டில்கள்

துறைமுக நகரத்தில் ஒரு புதுக் காய்ச்சல் பரவத் தொடங்கிவிட்டது என்று டிவியில் சொன்னபோது தெருவில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துறைமுகம் எங்கேயோ இருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் ஐந்து பேர் வரிசையாகப் போய்ச் சேர்ந்தார்கள் என்று கேள்விப்பட்ட பிறகுதான் எல்லோரும் மருந்துக்கடைக்கு ஓடினார்கள். அங்கே முதலில் முகக்கவசம் தீர்ந்தது. பிறகு கிருமிநாசினி. அதன்பிறகு கடைக்காரர் எதை எடுத்து முன்னால் வைத்தாலும் தீர்ந்தது. பல்வலித் தைலத்தைக்கூட விட்டுவைக்கவில்லை என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

அந்தத் தெருவின் நடுவில், ஒரு மாடி வீட்டின் முன்னறையில் துணி தேய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள் ஒருத்தி. தெருவே அவளை இஸ்திரி அக்கா என்றுதான் கூப்பிடும். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். கணவர் வெல்டர். பக்கத்துச் சந்தில் பட்டறை. குழந்தை இல்லை. மாடியறையில் அவளுடைய தம்பி இருந்தான்.

அம்மா இறந்தபோது தம்பிக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதுகூட ஆகவில்லை. அவனைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தலைவாரி வளர்த்தவள் அக்காதான். கல்யாணமாகி வந்தபோது அவனையும் கையோடு கூட்டி வந்தாள். "பொண்ணு ஒண்ணுதான் பார்த்தேன், கூடவே ஒரு மச்சானையும் தலையில கட்டிட்டாங்க" என்று வெல்டர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். சொல்லும்போது கை அவன் தோளில் இருக்கும்.

தம்பி பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளன். கட்டில் தள்ளுவான், எழ முடியாதவர்களைத் தூக்கி உட்காரவைப்பான், இறந்தவர்களைத் துணி சுற்றி அனுப்புவான். தெருவில் அவனுக்கு 'டாக்டர்' என்று பட்டப்பெயர். சாயங்காலம் அவன் டீக்கடைக்கு வந்தால் முதுகுவலி, சர்க்கரை, மருமகளின் தலைசுற்றல் என்று ஆளாளுக்கு ஒன்றைக் கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்வான். தெரியாததற்கு, பெரிய டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்பான்.

பெரிய ஆஸ்பத்திரியில் காய்ச்சல்காரர்களைச் சேர்க்கத் தொடங்கியதும் அவனை யாரும் டாக்டர் என்று கூப்பிடவில்லை. அவன் டீக்கடைக்குள் நுழைந்தால் பெஞ்சு காலியானது. ஒருநாள் டீக்கடைக்காரர் அவனுக்கு மட்டும் காகிதக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார். மறுநாளிலிருந்து அவன் அந்தப் பக்கம் போகவில்லை.

அடுத்து துணி நின்றது. முதலில் வாத்தியார் வீட்டிலிருந்து வரவில்லை. வாத்தியாரின் மனைவியை வழியில் பார்த்துக் கேட்டபோது, இப்போதெல்லாம் வீட்டிலேயே போட்டுக்கொள்கிறோம் என்று நடந்துகொண்டே சொன்னாள். வாரக் கடைசிக்குள் முன்னறை அலமாரியில் இரண்டு போர்வை மட்டும் மிஞ்சியது. அவையும் சொந்த வீட்டுப் போர்வைகள். வேலை இல்லாவிட்டாலும் அவள் காலையில் பெட்டியைச் சூடாக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இந்தச் சமயத்தில்தான் தெருக்கோடியில் பல வருடமாகப் பூட்டிக் கிடந்த பஞ்சுக் கிடங்கை அளக்க சுகாதாரத் துறை ஆட்கள் வந்தார்கள். அதைக் காய்ச்சல் வார்டாக மாற்றப்போகிறார்கள், நாற்பது கட்டில் போடப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. அன்றைக்கே டயர்க்கடைக்காரர் தன் கடை வாசலில் கூட்டம் போட்டார். தெருவில் தண்ணீர்க் குழாய் உடைந்தாலும் கல்யாணம் நின்றுபோனாலும் முன்னால் நிற்பவர் அவர்தான். கெட்ட மனிதர் இல்லை. பழைய டயர்களை அடுக்கி எல்லோரையும் உட்காரவைத்துவிட்டு, செத்தாலும் கிடங்குக்குள் ஒரு கட்டில் நுழையக்கூடாது என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

தம்பி கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தான். கொஞ்சம் பேசட்டுமா என்று கேட்டான். வார்டிலிருந்து நோய் நடந்து வராது, வந்தால் சொந்தக்காரர்கள் வழியாகத்தான் வரும், அப்படி வருகிற நாளில் கட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் பாதிப் பேராவது பிழைப்பார்கள் என்று பொறுமையாகச் சொன்னான். முதல் இரண்டு நாளில் நரம்பில் மருந்து ஏறினால்தான் உண்டு, பெரிய ஆஸ்பத்திரியில் இப்போதே இடமில்லை என்றான்.

டயர்க்கடைக்காரர் முழுவதும் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நீ சொல்றது நியாயம்தான்பா. ஆனா அத உன் வீட்டுப் பக்கத்துல வச்சுக்கோ."

எல்லோரும் சிரித்தார்கள்.

"இதுதாங்க என் வீடு" என்றான் தம்பி.

சிரிப்பு நின்றது. யாரும் அவனைப் பார்க்கவில்லை.

மறுநாள் டயர்க்கடைக்காரரும் இன்னும் இரண்டு பேரும் வெல்டரின் பட்டறைக்குப் போனார்கள். மச்சான் வேலையை விட வேண்டும், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். வெல்டர் அதை மனைவியிடம் சாப்பிடும்போது சொன்னார். சொல்லிவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னால் அவனிடம் சொல்ல முடியாது என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளுக்கே புரிந்தது.

அவள் மாடிக்குப் போனபோது தம்பி வாளியில் சீருடையை ஊறவைத்துக்கொண்டிருந்தான். கை விரல்கள் மருந்துத் தண்ணீரில் வெந்து தோல் உரிந்திருந்தன. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்.

"கொஞ்ச நாளைக்கு ஆஸ்பத்திரியிலேயே தங்கிக்கிறியாடா?"

அவன் நிமிரவில்லை. "மாமா சொன்னாரா?"

"இல்ல. நான்தான் சொல்றேன்."

"சரிக்கா" என்றான். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பாள், ஒருவேளை மனசு மாறியிருப்பாள். அவன் சட்டையையும் சீப்பையும் ஒரு பையில் திணித்தான். ஈரச் சீருடையைப் பிழிந்து பாலித்தீன் கவரில் சுற்றிக்கொண்டான். படியிறங்கும்போது, மாடித் தொட்டியில் தண்ணீர் நிரப்பியிருக்கிறேன் என்று மட்டும் சொன்னான். ஆஸ்பத்திரியில் துணி அடுக்கும் அறையில், மூட்டைகளுக்கு நடுவே அவனுக்கு ஒரு பாய் விரிக்க இடம் கிடைத்தது.

இரண்டு நாளில் வாத்தியார் வீட்டுத் துணி வந்தது. அவள் அதைத் தேய்த்துக் கொடுத்தாள்.

கிடங்குக் கேட்டைப் பற்றவைத்து அடைக்கச் சொல்லி வெல்டரைத்தான் கேட்டார்கள். வேறு யாரைக் கேட்பார்கள்? அவர் இரும்புப் பட்டைகளைக் குறுக்கே கொடுத்து, இரண்டு கதவையும் ஒரே தகடுபோல ஆக்கினார். கூலி வாங்கவில்லை. கட்டில்கள் ஏற்றிய லாரி வந்தபோது பெண்கள் எல்லோரும் கேட்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள். இஸ்திரி அக்கா முதல் வரிசையில் உட்கார்ந்தாள். பின்னால் உட்கார்ந்தால் தம்பி பக்கம் என்று சந்தேகப்படுவார்களே என்ற பயம் அவளுக்கு. லாரியில் வெள்ளைப் பெயின்ட் அடித்த இரும்புக் கட்டில்கள் கால்களை மேலே தூக்கிக்கொண்டு கிடந்தன.

கூட வந்த பெண் அதிகாரி சின்ன வயதுக்காரி. தூங்கிப் பல நாள் ஆனவள்போல இருந்தாள். கொஞ்ச நேரம் பேசிப் பார்த்தாள். பிறகு கோபப்படாமல் சொன்னாள். "இங்க வேணாம்னா வேற ஊருக்குப் போயிடும். அப்புறம் நீங்க கேட்டாலும் என்கிட்ட இருக்காது."

லாரி பின்வாங்கித் திரும்பியது. எல்லோரும் கைதட்டினார்கள். டயர்க்கடைக்காரர் தெரு முழுவதற்கும் டீ வாங்கிக் கொடுத்தார். பெரிய ஆபத்து தாண்டிப் போன மாதிரி இருந்தது அவர்களுக்கு. இஸ்திரி அக்காவும் டீ குடித்தாள்.

காய்ச்சல் முதலில் டயர்க்கடைக்காரர் வீட்டுக்குத்தான் வந்தது. அவர் மனைவி ஆற்றுக்கு அந்தப் பக்கம் தங்கச்சி வீட்டுக்கு யாருக்கும் தெரியாமல் போய் வந்திருந்தாள். தங்கச்சிக்கு யாருமில்லை, பார்க்காமல் எப்படி இருப்பது. மனைவி படுத்தபோது வாயுத்தொல்லை என்றார் டயர்க்கடைக்காரர். நேற்று வரை தெருவைக் காத்தவர் இன்று எந்த முகத்தோடு உண்மையைச் சொல்வார்? கண் சிவந்து ரத்தம் கசிந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வராந்தாவில் தரையிலும் இடமில்லை. வண்டியிலேயே உயிர் போனது. அதற்குள் அவளைப் பார்க்க வந்த பெண்கள் நான்கைந்து பேர் படுத்துவிட்டார்கள். வாத்தியார் இறந்துபோனார். மருந்துக்கடை மூடியது.

டயர்க்கடைக்காரர் ஒருநாள் மதியம் வெல்டர் வீட்டுக்கு எதிரே, சாக்கடையைத் தாண்டி நின்றுகொண்டு கூப்பிட்டார். சவரம் செய்யாத முகம் வீங்கியிருந்தது. கேட்டை அறுத்துக் கொடுக்கச் சொன்னார். "வழி இருக்குன்னு காட்டினா கட்டிலத் திரும்பக் கொண்டாந்துடுவாங்க. நான் பேசிட்டேன்" என்றார். அவர் யாரிடமும் பேசியிருக்கவில்லை.

வெல்டருக்குக் காலையிலிருந்தே தலை பிளந்துகொண்டிருந்தது. மனைவியிடம் சொல்லவில்லை. இரும்பு அறுக்கும் கேஸ் சிலிண்டரைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். தான் வைத்த பட்டைகளைத் தானே ஒவ்வொன்றாக அறுத்தார். தெருவில் மிச்சமிருந்தவர்கள் தள்ளித்தள்ளி நின்று பார்த்தார்கள். கேட் திறந்தது. உள்ளே புறா எச்சமும், மூலையில் மக்கிப்போன சாக்குகளும் கிடந்தன. டயர்க்கடைக்காரர் அங்கேயே நின்று அந்த அதிகாரிக்குப் போன் போட்டார். கட்டில்கள் மலைப்பக்கத்து ஊரில் இருக்கின்றன, ஒன்றுகூடக் காலியில்லை என்று அவள் சொன்னாள். அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே நின்றார். வெல்டர் கேட்டில் சாய்ந்து, அப்படியே சறுக்கித் தரையில் உட்கார்ந்தார். எல்லோரும் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போனார்கள்.

அவரை வீட்டுக்குத் தூக்கி வர அவள் ஒருத்திதான் போனாள். தள்ளுவண்டியிலிருந்து சிலிண்டரை இறக்கிவிட்டு அவரை அதில் ஏற்றித் தள்ளிக்கொண்டு வந்தாள்.

அன்று ராத்திரி தம்பிக்குப் போன் செய்தாள். "மாமாவுக்கு" என்று மட்டும் சொன்னாள். வருகிறேன் என்று அவன் வைத்துவிட்டான். விடிந்து வெயில் ஏறியபோது ஆம்புலன்ஸ் வந்தது. அதிலிருந்து தலை முதல் கால்வரை மூடிய இரண்டு பேர் இறங்கினார்கள். யார் தம்பி என்று அவளுக்கே தெரியவில்லை. ஒருவன் வாசல் நிலைக்குத் தலைகுனிந்து நுழைந்தான். உயரமாக வளர்ந்த வயதில் அந்த நிலையில் அடிக்கடி தலை இடித்துக்கொண்டவன் அவன்தான். அதை வைத்துத்தான் கண்டுபிடித்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் இடமில்லை, மலைப்பக்கத்து ஊரில் காலையில் ஒரு கட்டில் காலியாகியிருக்கிறது, சொல்லி வைத்திருக்கிறேன் என்றான். எப்படிக் காலியானது என்று அவள் கேட்கவில்லை.

"அங்க போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்டா?"

"சாயங்காலம் ஆயிடும்க்கா."

தூக்கும்போது வெல்டர் கண்ணைத் திறந்தார். முகமூடிக்குள் இருந்த முகத்தை உற்றுப் பார்த்தார்.

"மாப்ள. இப்ப நான் உன் தலையில விழுந்துட்டேன்ல."

"பேசாம வாங்க மாமா" என்றான் தம்பி.

அவளைக் கூடவே ஏற்றிக்கொள்ளவில்லை. ஏற்றக்கூடாது என்பது விதி. அவள் ஒரு போர்வையை மடித்துக் கொடுத்தாள். அவன் அதை வாங்கி, அவர் கால்மேல் போட்டான். ஆம்புலன்ஸ் போகும்போது தெருவில் ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை.

மதியம் தாண்டிப் போன் வந்தது.

"அக்கா, உக்காந்துக்கோ" என்றான்.

அவள் உட்கார்ந்தாள். மலைப்பாதைக்கு முன்னால் ரயில்வே கேட் மூடியிருந்ததாம், சரக்கு ரயிலுக்காக நின்றிருந்தார்களாம், ரயில் போய் முடிவதற்குள் மாமா போய்விட்டாராம். கடைசியில் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன் என்றான். குடித்தாரா என்று கேட்டாள். உதடு நனைந்தது என்றான். போனில் யாரோ வண்டியை ஓரமாக எடுக்கச் சொல்லிக் கத்துவது கேட்டுக்கொண்டிருந்தது.

அடக்கம் அங்கேயே முடிந்தது. அவள் போகவில்லை. வீட்டைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டியிருந்தார்கள். அவளுக்கும் காய்ச்சல் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. எதிர்வீட்டில் மூன்று பேர், டீக்கடைக்காரர், கடைசியாக டயர்க்கடைக்காரரும் இறந்தார்கள். யாரிடமும் போய்த் துக்கம் கேட்க அவளால் முடியவில்லை. அவளிடம் வந்து கேட்கவும் ஆள் இல்லை.

நாடாவை அவிழ்த்த பிறகு ஒருநாள் தம்பி வந்தான். தெருவின் எதிர்ப்பக்கமே நின்றான். முகம் இளைத்து, கன்னத்தில் முகமூடி அழுத்திய தடம் புண்ணாகியிருந்தது. மாமாவின் செருப்பையும் துணியையும் எரித்துவிட்டார்கள், கைக்கடிகாரத்தை மட்டும் மருந்தில் போட்டு எடுத்து வைத்திருந்தேன் என்று ஒரு கவரை நடுத்தெருவில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான். அவள் போய் எடுத்துக்கொண்டாள்.

"மேல வாடா. ரூம் அப்படியே இருக்கு."

வடக்கே இருக்கும் ஊர்களில் இப்போது தொடங்கியிருக்கிறது, அங்கே அனுப்புகிறார்கள், வண்டி காத்திருக்கிறது என்றான்.

"கூட்டத்துல நான் உன் பக்கத்துல வந்து நின்னிருக்கணும்" என்றாள் அவள்.

அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்வான் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சொல்லவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு என்றான்.

"அங்க முடிஞ்சதும் வீட்டுக்கு வந்துடு."

"பார்க்கலாம்க்கா."

இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்ல மனமில்லாதபோது எல்லோரும் சொல்கிற சொல் அது. அவளும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். பத்திரமாகப் போய் வா என்றாள். அவன் திரும்பி, மூடிக் கிடந்த கடைகளைத் தாண்டி வண்டியை நோக்கி நடந்தான்.