மை படாத பேனாக்கள்

பட்டுக்கடை பூவராகவனுக்குப் புத்தகம் படிக்கிற வழக்கமே கிடையாது. பள்ளிக்கூடத்தோடு அந்தத் தொல்லை விட்டது என்று அவரே பெருமையாகச் சொல்லுவார். ஆனாலும் காஞ்சிபுரத்தில் அவர் அளவுக்கு எழுத்தாளர்களை வீட்டில் சேர்த்து வைத்திருந்தவர் வேறு யாரும் இல்லை. வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள், பேர்பெற்ற எழுத்தாளர்களின் நினைவாக வெளிநாட்டு நிறுவனங்கள் எண் போட்டு விற்கிற உயர்ந்த மை பேனாக்கள் வரிசையாகப் படுத்திருந்தன. கடலைப் பற்றி எழுதியவருக்கு மூடியில் அலை. சிறையிலிருந்து எழுதியவருக்கு உடம்பெல்லாம் கம்பிக் கோடு. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அலையைக் காட்டுவார், கம்பியைக் காட்டுவார். அந்த மனுஷர் அப்படி என்னதான் எழுதினார் என்று யாராவது கேட்டுவிட்டால், காபி சாப்பிடுகிறீர்களா என்று பேச்சை மாற்றிவிடுவார்.

அந்தப் பேனாக்களில் ஒன்றின்மேல்கூட ஒரு சொட்டு மை பட்டதில்லை என்பதுதான் அவருடைய பெரிய பெருமை. கடைக்காரப் புத்தி அது. மடிப்புக் கலையாத புடவைக்குத்தான் மதிப்பு, ஒருமுறை கட்டிவிட்டால் அது பழசு. பேனாவும் அப்படித்தான் என்பார்.

அவர் மனைவி அலமு இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவர் கடையில் இருந்த ஒரு மத்தியான வேளையில், இதே முன்னறையில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள். வாய்க்கரிசி போடும்போது அவளுடைய இடது கை நடுவிரல் நுனி நீலமாக இருந்ததைப் பார்த்தார். உயிர் போனால் விரல் நீலம் பாய்ந்துவிடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அதற்குமேல் நினைக்க அன்றைக்கு அவருக்குத் தெம்பில்லை.

ஒரே பெண் சத்யப்ரியா பெங்களூரில் வேலையில் இருந்தாள். வீட்டில் அவர் ஒருத்தர்தான். சாப்பாடு மெஸ்ஸிலிருந்து வந்துவிடும். அலமாரிச் சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தார். அலமு இருந்தவரை அது வாசல் பக்கத்து நீலக் கிண்ணத்தில் மற்றச் சாவிகளோடு கிடக்கும். பழைய தாள்களை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்துக் கூழாக அரைத்து, கவிழ்த்த சட்டிமேல் அப்பிக் காயவைத்து அவள் செய்த கிண்ணம் அது. அந்தக் கால வீடுகளில் முறத்துக்குப் பூசுவார்களே, அதே கூழ்தான். வெங்காயத்துக்கு ஒன்று, அவருடைய மாத்திரைக்கு ஒன்று என்று அப்படி மூன்று கிண்ணங்கள் வீட்டில் இருந்தன. அவற்றை ஏன் செய்கிறாய் என்று ஒருநாளும் அவர் கேட்டதில்லை. பொம்பளைகள் எதையாவது செய்துகொண்டிருப்பார்கள் என்று விட்டுவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெஹான் வந்தான். ஒலிமுகமதுபேட்டையில் கிளினிக் வைத்திருக்கிற பல் டாக்டர். பேனாப் பைத்தியத்தில் பூவராகவனுக்குக் கொஞ்சமும் இளைத்தவனில்லை. பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு, பல்லைப் பார்க்கிற மாதிரியே ஒவ்வொரு பேனாவின் நிப்பையும் பார்த்துக்கொண்டு வந்தான். வரிசையின் கடைசியில் அலங்காரமே இல்லாத ஒரு கறுப்புப் பேனா. யாரோ ஓர் எழுத்தாளர் எளிமையாக வாழ்ந்தார் என்பதற்காக அதை அப்படிச் செய்திருந்தார்கள். காசு கொடுத்து எளிமையை வாங்க வேண்டுமா என்று பூவராகவனுக்கு அதன்மேல் ஓர் இளக்காரம்தான். ரெஹான் அதைத் திறந்ததும் ஊறிய வெந்தயத்தின் வாடை அறையில் பரவியது. தோசைக்கு ஊறப்போட்டிருக்கிறீர்களா என்று விசாரித்தான். அந்த வீட்டில் வெந்தயம் ஊறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

ரெஹான் நிப்பை வெகுநேரம் பார்த்தான். பிறகு ஒரு தாள் கேட்டு வாங்கி, வலது கையால் இழுத்துப் பார்த்தான். நிப் தாளைப் பிறாண்டியது. பேனாவை இடது கைக்கு மாற்றி இழுத்தான். கோடு வழுக்கிக்கொண்டு போனது.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். இது எழுதின பேனா. வருஷக்கணக்கா எழுதியிருக்காங்க."

யார் எழுதுவார்கள் என்று பூவராகவன் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. தாளில் நீலக்கோடு ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது.

எழுதுகிறவர் பிடிக்கிற சாய்வுக்குத்தான் நிப் தேயும் என்று ரெஹான் விளக்கினான். அப்படித் தேய்ந்த பேனா அடுத்தவர் கையில் சண்டித்தனம் செய்யும். மற்றப் பேனாக்களிலும் லேசாக மை ஓடின தடம் இருக்கிறது. எல்லாவற்றையும் எழுதிப் பார்த்துவிட்டுக் கடைசியில் இந்தக் கறுப்பிலேயே நிலைத்துவிட்டார்கள் என்று தெரிகிறது. எழுதியவர் இடது கைக்காரர். இதெல்லாம்கூட அவனுக்கு ஆச்சரியமாக இல்லை. மைதான் அவனைக் குழப்பியது.

"உள்ள மை காயவே இல்ல சார். போன வாரம் எழுதின மாதிரி இருக்குது. வீட்டுல வேற யாருனா இருக்காங்களா?"

யாரும் இல்லை என்றார் பூவராகவன். ரெஹான் பேனாவை மூடி அதன் இடத்தில் வைத்தான். கொடுத்த காபியைக் குடிக்காமலே கிளம்பிவிட்டான்.

வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அலமு பிறவியிலேயே இடது கைக்காரி. கல்யாணமான புதிதில், மகாலட்சுமி வந்திருக்கிறாள், முதல் பில்லை அவள் கையால் எழுதட்டும் என்று அவளைக் கடைக்கு அழைத்துப்போனார். அவள் பேனாவை இடது கையில் எடுத்தாள். கடை நிறைய ஆட்கள். அவர் அந்தப் பேனாவை உருவி அவளுடைய வலது கையில் வைத்தார். "சோத்தாங்கையில எழுதுமா. பீச்சாங்கை கடைக்கு ஆகாது" என்றார். அதட்டவில்லை, சிரித்துக்கொண்டு, பிரியமாகத்தான் சொன்னார். அந்தப் பிரியம்தான் இப்போது அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அதற்கப்புறம் அவள் இடது கையால் எழுதி அவர் பார்த்ததில்லை. வலது கையால் அவள் போடுகிற கையெழுத்து கோணலும் மாணலுமாக இருக்கும், பேங்கில் திருப்பி அனுப்புவார்கள், அதைச் சொல்லி உறவுக்காரர்கள் முன்னால் கேலி பண்ணுவார். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். ஒருமுறை, இத்தனை பேனா இருக்கிறதே, எனக்கு ஒன்று தரக்கூடாதா என்று கேட்டாள். பால் கணக்கு எழுத இதெல்லாம் எதுக்கு என்று சொல்லிவிட்டார். அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்காமல் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

சத்யப்ரியாவுக்குப் போன் போட்டார். அம்மா பேனாவை எடுத்து எழுதுவாளா என்று கேட்டார்.

"எழுதுவாங்கபா. நீ கடைக்குப் போனதும் உக்காருவாங்க. நான் ஸ்கூல் லீவுல பாத்திருக்கேன்."

"என்னா எழுதுவா?"

"படிக்க வுட்டதில்லபா. எழுதி முடிச்சதும் தண்ணியில ஊறப்போட்டுடுவாங்க. அப்பறம் வெந்தயம் போட்டு அரைச்சு, அந்தக் கிண்ணம் பண்ணுவாங்க."

போனை வைத்துவிட்டு அவர் வாசல் கிண்ணத்தைப் பார்த்தார். பழைய செய்தித்தாளில் செய்தது என்றல்லவா இத்தனை வருஷம் நினைத்திருந்தார். செய்தித்தாளில் செய்தால் சாம்பல் நிறம் வரும், நீலம் எங்கிருந்து வரும்? பட்டு நூலில் சாயம் ஓர் இழை குறைந்தாலும் எட்ட நின்றே கண்டுபிடிக்கிற கண் அது. வீட்டு வாசலில் கிடந்த நீலம் அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே கேள்விதான். அவள் என்ன எழுதினாள்? தன்னைப் பற்றித்தானா? இந்த வீட்டில் வாழ்ந்தது அவளுக்குச் சந்தோஷமாக இருந்ததா, இல்லையா? உலகத்தில் எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள், அதில் ஒரு வரியைக்கூடப் படிக்க ஆசைப்படாத மனுஷர், இந்த ஒருத்தி எழுதியதைப் படிக்க வேண்டும் என்று தவித்தார். கடையில் ஆட்கள் பேசுவது காதில் விழவில்லை. மெஸ் சாப்பாட்டிலும் வெந்தய வாடை அடித்தது. மத்தியானங்களில் பூட்டின வீட்டுக்குள், தாளில் நிப் ஓடுகிற மெல்லிய சத்தம் வாசலில் நின்றால் கேட்டது. கதவைத் திறந்தால் நின்றுவிட்டது.

தாங்க முடியாமல் ஒருநாள் வெங்காயக் கிண்ணத்தை எடுத்து வாளித் தண்ணீரில் போட்டார். கரையும்போது எங்காவது ஓர் எழுத்து, அரை எழுத்து கண்ணில் படாதா என்று பக்கத்திலேயே குந்தியிருந்தார். கிண்ணம் நைந்து, இளகி, கூழானது. விரலால் துழாவினார். தண்ணீர் நீலமானதுதான் மிச்சம். அவள் கையால் செய்து வைத்துவிட்டுப் போன மூன்றில் ஒன்றைத் தானே கரைத்துவிட்டோமே என்று அந்த வாளியைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

மறுநாள் மத்தியானம் கடையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். அலமாரியைத் திறந்து கறுப்புப் பேனாவை எடுத்தார். அவள் உட்கார்ந்தபடியே போன நாற்காலியிலேயே உட்கார்ந்து, தாளை விரித்து, பேனாவை இடது கையில் பிடித்தார். சாப்பிடவும் கொடுக்கவும் வாங்கவும் அந்தக் கையை அவர் நீட்டியதே இல்லை. இடது கையால் எழுதினால் குழந்தைக் கிறுக்கல்தான் வரும் என்று எதிர்பார்த்தார். நிப் தாளைத் தொட்டதும் மணிக்கட்டு தானாகத் திரும்பியது. யாரோ அவர் கையைத் தன் சாய்வுக்குத் திருப்பி வைத்த மாதிரி இருந்தது. கை எழுதத் தொடங்கியது. அவருடைய எழுத்து இல்லை அது. உருண்டையான, பின்னால் சாய்ந்த, அழகான எழுத்து.

கண்ணாடியைக் கழட்டி வைங்க, என்று எழுதியது.

சாப்பிட வாங்க, மாத்திரை போட்டீங்களா என்று அலமு சொல்லுகிற அதே தொனி அந்த வரியில் இருந்தது. வலது கையால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். கண்ணாடி இல்லையென்றால் அவருக்குத் தாளும் எழுத்தும் ஒன்றுதான். கை எழுதிக்கொண்டே போனது. ஓரிடத்தில் அழுத்தி எழுதியது. ஓரிடத்தில் நின்று யோசித்து, பிறகு வேகமெடுத்தது. தாள் நிறைந்ததும் விரல்கள் தாமாகப் பேனாவை மூடின.

கண்ணாடி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்து மாட்டிக்கொண்டால் போதும், அவரைத் தின்றுகொண்டிருந்த கேள்விக்குப் பதில் எதிரிலேயே இருந்தது.

"என்னைத் திட்டி எழுதியிருக்கியாமா?" என்று காலி அறையைப் பார்த்துக் கேட்டார்.

வெந்தய வாடைதான் அடித்தது. கண்ணாடியை எடுத்தார். கடை நிறைய ஆட்கள் பார்த்திருக்க, அவள் கையிலிருந்து பேனாவை உருவிய தன் விரல்கள் நினைவுக்கு வந்தன. அன்றைக்கு அவள் மறுபேச்சுப் பேசாமல் வலது கைக்கு மாறிக்கொண்டாள். அவளாக இத்தனை வருஷத்தில் அவரிடம் கேட்டது ஒரே ஒரு பேனா. இப்போது கேட்பது, படிக்காதீங்க என்ற இது ஒன்றுதான். கண்ணாடியைத் திரும்ப வைத்துவிட்டு, தாளை மடித்து எடுத்துக்கொண்டுபோய், தடவித் தடவி, கொல்லைப்புறத்து வாளியில், நேற்றுக் கரைத்த கூழோடு அமுக்கினார். நீலம் பிரிந்தது மங்கலாகத் தெரிந்தது. பிறகு சமையலறையில் வெந்தய டப்பாவைத் தேடினார்.

அதிலிருந்து மத்தியானங்களில் அவர் கடையில் இருப்பதில்லை. மொட்டைமாடியில் கவிழ்த்த சட்டிமேல் ஒரு கிண்ணம் காயும், அது காய்வதற்குள் இன்னொன்றுக்குத் தாள் சேர்ந்துவிடும். ரெஹான் இரண்டு முறை போன் பண்ணினான், எடுக்கவில்லை. அப்பா, சாப்பிடுறியா, தூங்குறியா என்று சத்யப்ரியா கேட்டுக்கொண்டே இருந்தாள். நல்லாத்தான் இருக்கேன் என்பார். அது பொய்யில்லை. பயமாகவும் இருந்தது, வீட்டில் ஆள் இருக்கிற மாதிரியும் இருந்தது.

ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கி, கடையில் கூட்டம் நெரிந்தது. திருப்புட்குழியிலிருந்து பொன்னி என்கிற அம்மாள் மகளையும் உறவுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு கூறைப்புடவை எடுக்க வந்திருந்தாள். காலையிலிருந்து கடையைப் புரட்டிப்போட்டு, கடைசியில் அரக்கில் மயில்கழுத்துக் கரை வைத்ததைப் பிடித்துக்கொண்டார்கள். கூறைப்புடவையை முதலாளி கையால் தருவதுதான் அந்தக் கடையின் வழக்கம். புடவையை மடித்து, மேலே மஞ்சள் குங்குமம் வைத்து, பூவராகவன் எழுந்து நின்று நீட்டினார்.

பொன்னி வாங்கவில்லை. அவள் முகம் மாறியது. கூட வந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கடைப் பையன்கள் மடித்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டார்கள்.

"சோத்தாங்கையில குடுங்கபா. கண்ணாலப் பொடவை" என்றாள் அவள். அதட்டவில்லை. சிரித்துக்கொண்டு, பிரியமாகத்தான் சொன்னாள்.

பூவராகவன் குனிந்து பார்த்தார். புடவை அவருடைய இடது கையில் இருந்தது. நடுவிரல் நுனி நீலமாக இருந்தது. வலது கைக்கு மாற்றத்தான் நினைத்தார். வலது கை பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, எழவில்லை. கடை முழுக்க வெந்தய வாடை அடிப்பது அவருக்கு மட்டும் தெரிந்தது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எங்க வீட்டுல இதுதான்மா சோத்தாங்கை" என்றார்.

நீட்டிய கையை அவர் மடக்கவில்லை. கல்யாணப் பெண்தான் அம்மாவைத் தாண்டி முன்னால் வந்து, இரண்டு கையாலும் புடவையை வாங்கிக்கொண்டாள்.